ஈரக்குலை நடுங்கிய மதியம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். ‘ஈரக்குலை நடுங்கிருச்சு’ என்று எல்லாரும் வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். நான் அதைக் கண்ணால் பார்த்தவன். அதுவும் பட்டப்பகலில்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஈரல் மெஷினில் வேலை. இறந்தவர் கொடுத்த ஈரலில் கொழுப்பு அதிகம் என்றால் முன்பெல்லாம் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இப்போது மெஷினில் வைத்து, உடம்புச் சூட்டில் ரத்தம் ஓடவிட்டுப் பார்ப்போம். தேறினால் ஓர் உயிர் பிழைக்கும். அன்று மாடி வார்டில் காத்திருந்தது என் சொந்த அக்கா. இதுவும் தேறாவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

“கொழுப்புப் பிடிச்ச ஈரலாம்க்கா” என்றேன்.

“உன்னைவிடவா கொழுப்பு?” என்று சிரித்தாள். அந்த நிலையிலும் வாய் மட்டும் குறையவில்லை.

மதியம் 2:10. கண்ணாடி மூடிக்குள் ஈரல் சமர்த்தாக இருந்தது. ரத்த ஓட்டம் சீர்.

2:25. வெளியே வராந்தாவில் ஓர் ஆண் குரல். ஈரலைக் கொடுத்த பெண்ணின் கணவர். ‘மாடிப்படியில தவறி விழுந்துட்டா’ என்று போனில் யாரிடமோ விம்மிக்கொண்டிருந்தார்.

ஈரல்... நடுங்கியது.

ரத்த ஓட்டம் மளமளவென்று இறங்கியது. பீப்... பீப்... பம்பைப் பார்த்தேன். குழாயைப் பார்த்தேன். எல்லாம் சரி. குரல் நின்றது. நடுக்கமும் நின்றது.

2:40. மறுபடி குரல். மறுபடி நடுக்கம்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். “இன்னொரு தடவை ரத்த ஓட்டம் இறங்கினா இந்த ஈரல் வேண்டாம்பா.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே ஓடினேன்.

“சார், உங்களைக் கும்பிடுறேன், கீழ போய்ப் பேசுங்க!”

போனார். அதன்பின் ஈரல் அசையவே இல்லை. அக்கா பிழைத்தாள்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை. அடுப்படியில் நின்றவள் வலது விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி... உள்ள உதறுதுடா. வாசல்ல யாரு?”

யாரும் மணி அடிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எதிர் நடைபாதையில் அதே ஆள்.

உறுப்பு தானப் பிரிவு நர்ஸுக்குப் போன் போட்டு அந்த ஆளைப் பற்றிக் கேட்டேன்.

“ஐயோ அண்ணா, தெரியாதா? அந்தப் பொண்ணு தவறி விழலையாம். அந்த ஆள்தான் தள்ளிவிட்டானாம். நேத்துதான் ஜாமீன்ல வந்திருக்கான். நேரா இங்க வந்து, ‘அவ ஈரல் இன்னும் உயிரோட இருக்காமே, எந்த வீட்ல?’ன்னு கேட்டான்.”

“சொல்லிட்டீங்களா?”

“சத்தியமா இல்லண்ணா. யாருமே சொல்லல.”

திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம்.

அதன்பின் இரண்டு வீடு மாறிவிட்டோம். யாருக்கும் முகவரி கொடுக்கவில்லை.

இன்று காலை அக்கா மறுபடியும் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.