நீரோட்டம் தாங்கும் செடி

மீன் என்றால் சட்டிக்குள் இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டி வைத்து, விரல் நீளம்கூட இல்லாத மீன்களுக்குச் செடி தேடி இந்த ஜெர்மனியில் எசன் நகரம் முழுக்க அலைவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் வாங்கிய மெல்லிய இலைச் செடிகளை ஃபில்டரின் நீரோட்டம் இரண்டே நாளில் பிய்த்தெறிந்தது. மறுபடி கடைக்குப் போனேன். உங்கள் ஃபில்டர் உங்கள் தொட்டியைவிட மூன்று மடங்கு பெரிய தொட்டிக்கானது, வேகத்தைக் குறைத்தாலே போதும், செடியை மாற்றத் தேவையில்லை என்றார் கடைக்காரர். பொறுமையான மனிதர். குறைக்க முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். அதைச் சொல்ல எனக்கு எந்தப் பாஷையிலும் வாய் வரவில்லை.

காரணம் சத்தம்தான். என் கணவர் கடைசி இரண்டு வருடமும் ஒக்சிஜன் மெஷினோடு இருந்தார். நுரையீரல் வருத்தம். மெஷின் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அது இரையும்வரை அவர் இருக்கிறார் என்று என் காது பழகிவிட்டது. அவர் போன அன்று பின்னேரம் நான் குசினியில் சொதி வைத்தபடி அவரோடு கதைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் இருக்கும். பதிலே இல்லை. "என்னப்பா, வாய் ஒட்டிப்போச்சோ?" என்று ஏசவும் செய்தேன். அவர் அதற்கு முன்பே போய்விட்டார். அந்த ஏச்சுக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வேலையால் வந்த மகள் அவருடைய அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

வாடகை மெஷினை மூன்றாம் நாளே வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு சத்தமே இல்லாத அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. ஒருநாள் சிநேகிதி வீட்டில் மீன்தொட்டி ஃபில்டர் முழுவேகத்தில் ஓடுவதைக் கேட்டேன். அதே இரைச்சல். அடுத்த நாளே அதே ஃபில்டரை வாங்கினேன். தொட்டியும் மீனும் அதற்குப் பிறகுதான் வந்தன. வேகத்தைக் குறைத்தால் சத்தம் மாறிவிடும், அது அவராக இருக்காது. பாவம், மீன்கள் நீந்தி நீந்திக் களைத்து ஒரு மூலையில் கிடந்தன. இரண்டு செத்தும் போயின. அவை ஒதுங்கி நிற்க, அந்த வேகத்திலும் கிழியாத இலை வேண்டும்.

கடைக்காரர் தோல்போலத் தடித்த இலையுள்ள அனுபியாஸ் செடியைத் தந்தார். கட்டிவிடுங்கள் என்று ஏதோ சொன்னார், நான் காதில் வாங்கவில்லை. அடியில் மஞ்சள் துண்டுபோல ஒரு கிழங்கு. யாழ்ப்பாணத்தாள் கையில் கிழங்கு கிடைத்தால் சும்மா இருப்பாளா? நல்ல ஆழமாகப் புதைத்து, மேலே மணலையும் அணைத்துவிட்டேன். இரண்டு கிழமையில் எல்லாம் அழுகி நாறியது.

ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, இதென்ன மஞ்சளே? கிழங்கு மண்ணுக்கு மேலை இருக்கோணும். கல்லிலை வைச்சு நூலாலை கட்டோணும்."

செடி அழுகியதை நான் ஃபோனில் சொல்லியிருந்ததால், புதுச் செடிகளை அவளே வாங்கி வந்திருந்தாள். கறுப்பு நூலால் கட்டினோம். ஆனால் கல்லை உள்ளே இறக்கும்போதெல்லாம் தண்ணீர் செடியை இழுத்தது. "ஒருக்கா நிப்பாட்டுறன்" என்றவள், நான் வாய் திறக்கும் முன்பே பிளக்கை இழுத்துவிட்டாள்.

வீடு அடங்கியது.

"அவரை நிப்பாட்டாதை!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மகள் பிளக்கைப் பிடித்தபடி நின்றாள். முகம் வெளிறிவிட்டது.

"அண்டைக்கும் நான்தானேம்மா நிப்பாட்டினனான்" என்றாள். "அப்பான்ரை கையைப் பிடிச்சுப் பாத்திட்டு, நான்தான் நிப்பாட்டினனான். நீங்கள் ஒருநாளும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை."

கேட்கவில்லைதான். என்னுடைய ஒரு மணித்தியாலத்தை மட்டுமே இத்தனை நாளும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அந்த அறைக்குள் தனியாக நின்றவளை நினைத்தே பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. மணல் ஒட்டிய ஈரக்கையால் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் விம்முவது வீடு முழுக்கக் கேட்டது.

"திரும்பப் போடவோம்மா?" என்றாள்.

"பொறு பிள்ளை" என்றேன். "முதல் நீ அண்டைக்கு நடந்ததைச் சொல்லு."