ஏரியைத் தொலைத்த கல்

மேற்கே மலை. மலைத் தண்ணீர் இறங்கி நிற்க ஒரு ஏரி. ஏரிக்குக் கீழே எங்கள் நஞ்சை. எங்கள் ஊர்ப் பூகோளம் இவ்வளவுதான். ஒரு குழந்தைகூட மண்ணில் கோடு கிழித்துக் காட்டிவிடும். ஆந்திரா பிரிந்து, எல்லைத் தகராறு முற்றி, கடைசியில் ஊர் ஊராகப் பங்கு போட்டார்களே, அந்த மகானுபாவர்களுக்கு மட்டும் அது விளங்கவில்லை.

சர்வே ஆட்கள் சங்கிலியோடு வந்தார்கள். ஊர் எங்கே முடிகிறது என்று தெலுங்கில் கேட்டார்கள். என் நைனா அவர்களுக்கு மோர் கொடுத்து, முண்டாசைச் சரிசெய்துகொண்டு, ஏரிக்கரையில் நிற்கும் எல்லையம்மன் கல்லைக் காட்டினார்.

"தோ, அம்மா நிக்கிறா பாரு. அதோட எங்க ஊரு முடிஞ்சிபோச்சி சாமி."

திருவிழாவில் எங்கள் பொங்கல் பானை அந்தக் கல்லைத் தாண்டாது. தாண்டினால் காவல் விட்டுப்போகும் என்பது வழக்கம். ஏரியைக் காக்கத்தானே அவள் கரைமேல் நின்றாள்! அந்த ஏரியும் எங்களுடையது என்று தனியாகச் சொல்ல வேண்டுமென்று நைனாவுக்குத் தோன்றவேயில்லை. தன் கை தன்னுடையதென்று எவனாவது சாட்சி சொல்வானா?

அம்மனுக்குப் பக்கத்திலேயே எல்லைக்கல் நட்டுவிட்டார்கள். நஞ்சை ஆந்திராவுக்கு, ஏரியும் மதகும் மெட்ராசுக்கு. நாசமாய்ப் போக!

அந்த வருஷம் கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை ஏமாற்றியது. நைனா மதகைத் திறக்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன். மதகின்மேல் காவலுக்கு உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? அக்கரை ஊரிலிருக்கும் என் மாமன், அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்.

"இது இப்போ எங்க ஸ்டேட்டு ஏரி, மச்சான். உங்க கவர்மெண்டாண்ட போய்க் கேளு."

"போன வருஷம் ரெண்டு ஊரும் ஒண்ணாத்தானே தூர் வாரினோம்?"

"கல்லைக் காட்டினது நீதானே?"

நைனா மதகைத் தொடாமலே திரும்பி வந்தார். பயிர் கருகியது. மாடுகளாவது துன்னட்டும் என்று அவற்றை வயலில் அவிழ்த்துவிட்டோம். சர்வேக்காரன் எவனோ அந்நியன், அவனை நாலு வார்த்தை வைது தொலைக்கலாம். மாமனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

பங்குனியில் அதே மாமன், மகள் கல்யாணத்துக்கு அழைக்கத் தாம்பாளத்தோடு வந்தார். வெயிலில் நடந்து வந்ததில் முகமெல்லாம் வேர்வை.

"குடிக்க கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

அம்மா செம்பு நிறையக் கொண்டுவந்தாள். அவர் கை நீட்டியதும் செம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இது ஆந்திரா தண்ணி. உங்க கவர்மெண்டாண்ட கேட்டுக்கினு வாண்ணா" என்றவள், அவர் கண்ணெதிரே அதை முருங்கை மரத்துக்கு ஊற்றினாள்.