நாலு மணிக்கே பற்றவைத்த கார்

போன வாரம் ராயபுரத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் வண்டி நின்றது. நின்றது என்றால் எஞ்சின் சத்தமே பொசுக்கென்று அடங்கிவிட்டது. அவ்வளவுதான், என் கை தானாகக் கதவைத் திறந்தது, ஒரு கால் ரோட்டில் இருந்தது, வேட்டியை மடித்துக் கட்டவும் ஆரம்பித்துவிட்டேன். வண்டியை ஓட்டிய பெண் (யார் என்று பிறகு சொல்கிறேன்) அலறிவிட்டாள்.

"தாத்தா, எங்க எறங்கறீங்க?"

"வண்டி நின்னுடுச்சேம்மா."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிக்னலில் பெட்ரோல் வீணாகாமல் இருக்க அதுவே அணைந்துகொள்ளுமாம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் அதுவே கிளம்பிக்கொள்ளுமாம். கேட்டுக்கொள்ளுங்கள். நின்ற வண்டி தானே கிளம்புமாம். எண்பத்தைந்து வயதில் நடுரோட்டில் வேட்டியை மடித்துக் கட்டிய அசட்டுத்தனத்தை மறைக்கக் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஆனால் உள்ளங்கை மட்டும் கொஞ்ச நேரம் அரித்துக்கொண்டே இருந்தது. அது வண்டி தள்ளிய கை. சும்மா இருக்குமா?

ஐம்பதுகளின் நடுவில் எனக்கும் சவரிமுத்துவுக்கும் பொதுவாக ஒரு கார் இருந்தது. நான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தா. சவரி ரயில் எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டர். திருவொற்றியூரில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் தொடங்கிய சிநேகம். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவன் பழைய கார் வாங்கிப் பார் என்பதையும் சேர்த்திருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம்.

விற்றவர் வண்ணாரப்பேட்டையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த காதர் பாய். விலை சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் சொல்லவில்லை. தீப்பெட்டி மாதிரி ஒரு சின்ன சீமைக் கார், மேலே கித்தான் கூரை. பாய் நேர்மையான மனிதர், எதையும் மறைக்கவில்லை. "வண்டி ஃபஸ்ட் க்ளாஸா கீது நைனா. ஓடறதுதான் கொஞ்சம் பேஜாரு" என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆசை கண்ணை மறைத்தால் காதும் கேட்காது போலிருக்கிறது. நாங்கள் முதல் வாக்கியத்தை மட்டும் கேட்டுக்கொண்டோம்.

இன்றைக்கும் துணி சவுக்கார வாசனை வந்தால் எனக்குத் துவைத்த துணி நினைவுக்கு வராது, அந்தக் காரின் பெட்ரோல் டாங்க்தான் வரும். டாங்கில் ஒரு கசிவு. சவுக்காரத்தை ஈரமாக்கி ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்த்தால் நிற்கும். வாரத்துக்கு ஒரு கட்டி. என் அம்மா, "சொக்காயெல்லாம் அழுக்கா கீது, கார் மட்டும் குளிக்குதா?" என்று கேட்டாள். கடற்காற்றின் ஈரத்தில் எஞ்சினின் பிளக்குகள் பூத்துப்போய்ப் பொறி வராது. அவற்றைக் கழற்றி அப்பம் சுடும் சட்டியில் வறுத்துச் சூட்டோடு மாட்ட வேண்டும். அந்தச் சட்டியை அம்மா அப்புறம் சமையலுக்குத் தொடவே இல்லை. தரையில் ஒரு ஓட்டை. அதன் வழியே ரோடு ஓடுவது தெரியும். ரோடு ஓடாதபோது வண்டியும் ஓடவில்லை என்று அர்த்தம்.

ரேடியேட்டர் ஒழுகியது. மஞ்சள் தூள் போடச் சொன்னார் பாய். எனக்கோ ஆபீஸ் புத்தி. எதையும் ஒட்டுவதற்கு மைதாப் பசைதானே! ஆபீஸிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்து ஊற்றினேன். காசிமேடு வரை அருமையாகப் போயிற்று. அங்கே மூடியைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாகக் களி பொங்கி வழிந்தது. மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் சுற்றி நின்று, உப்புப் போட்டாயா என்று விசாரித்தார்கள். கதவுக்கு ஆபீஸ் சணல், விளக்குக்கு ஆபீஸ் அரக்கு. நானாகச் செய்த ரிப்பேர் எல்லாம் அது காரா பார்சலா என்று சந்தேகப்படும்படிதான் இருந்தது.

சவரி வேறு ரகம். அவனுக்கு உலகத்தில் இருக்கிற எஞ்சின் எல்லாம் ரயில் எஞ்சின்தான். காருக்குள் ஏறும்போது புட்போர்டில் ஏறுகிறவன் மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறுவான். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவது அவன் வேலை. ஒரு நாள் நான் சுற்றினேன். அது திருப்பி அடித்ததில் மணிக்கட்டு வீங்கி, இடது கையால் மூன்று வாரம் லெட்ஜர் எழுதினேன். அதற்குப் பிறகு நான் தள்ளுவதோடு சரி. யாராவது இழுத்துப் போக வசதியாக முன்னால் ஒரு தேங்காய்நார்க் கயிறு எப்போதும் கட்டியே கிடக்கும்.

இப்படியாகப் போய்க்கொண்டிருக்கையில் சவரியின் தங்கை ரோசம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை அந்தோணி, எண்ணூர்ப் பையன், கப்பலில் வேலை. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அத்தை தங்கள் வீட்டுப் பெருமைகளை ஒவ்வொன்றாக எடுத்து விட, சவரிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க பொண்ணு எங்க கார்லதான் கோயிலுக்கு வரும்" என்று சபையில் சொல்லிவிட்டான். அத்தையும் விடவில்லை. கார் என்றால் கார்தான், ரிக்‌ஷாவில் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன் என்றாள். 

நாள் பார்த்தார்களே, அதுதான் சோதனை. கல்யாணம் செவ்வாய்க்கிழமை, மறுநாள் விபூதிப் புதன். தபசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளைக்கு வியாழக்கிழமை கப்பல். போனால் திரும்ப ஒன்றரை வருஷம். பங்குச் சாமியார் கடிகாரத்துக்குப் பிறந்தவர். ஒன்பதுக்கு மூன்றாம் மணி அடித்து ஓய்ந்தால் பூசை ஆரம்பம், அப்புறம் வருகிறவர்கள் ஈஸ்டருக்கு வரலாம் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ரோசம்மா பத்து நாளாக அந்தோணி அனுப்பிய மங்கலான போட்டோவைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு அலைகிறாள். இத்தனையும் அந்தச் சவுக்கார டாங்கின் தலையில்.

கல்யாணத்தன்று எட்டு மணிக்குக் கொருக்குப்பேட்டையில் சவரி வீட்டுக்குப் போகிறேன். வாசலில் கார் மாலை போட்டுக்கொண்டு, டுபுடுபு என்று தானாக உறுமிக்கொண்டு நிற்கிறது. எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. எப்போது கிளப்பினாய் என்று கேட்டேன்.

"நாலு மணிக்கே லைட்டப் பண்ட்டேன் மச்சான். எஞ்சின்னா முன்னாடியே பத்த வெச்சி வெக்கணும். நேரத்துக்கு வந்து பத்த வெச்சா அது எஞ்சினு இல்ல, அடுப்பு."

ஷெட்டில் அப்படித்தான். எட்டு மணி ரயிலுக்கு நாலு மணிக்கே எஞ்சினில் நெருப்புப் போட்டுவிடுவார்கள். விடிந்ததிலிருந்து சவரி சொம்பு சொம்பாக ரேடியேட்டருக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு, அழுக்குத் துணியால் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. படித்த குமாஸ்தா நான், எனக்கும் அது பிரமாதமான யோசனையாகவே பட்டது. நிற்காத வண்டியைக் கிளப்ப வேண்டியதில்லையே! அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

ரோசம்மா வெள்ளைப் பட்டில் பின்னால் ஏறினாள். பக்கத்தில் அவள் அம்மா. முன்னால் நானும் சவரியும். தெருவே கை காட்டியது. ரயில்வே கேட் வரை ராஜாத்தி மாதிரி போனோம். கேட் மூடியிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ், ஒவ்வொரு நிலக்கரி வண்டியாக ஊர்ந்துகொண்டிருந்தது. சவரி ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து உயிரைப் பிடித்து வைத்திருந்தான். கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக் கொடியோடு தாண்டினார். கேட் திறந்தது. எங்கள் வண்டி இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்துபோனது.

டாங்கில் அளவு காட்டும் முள் கிடையாது. துடைப்பக் குச்சியை விட்டுத்தான் பார்ப்போம். விட்டேன். குச்சி காய்ந்தே வந்தது, சவுக்கார வாசனை மட்டும் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஊற்றிய ஒரு காலன் பெட்ரோலையும் அந்த வண்டி வாசலில் நின்றபடியே நாலு மணி நேரம் குடித்துத் தீர்த்திருக்கிறது. பெட்ரோல் பங்க் எங்கேயோ. இரண்டாம் மணி எப்போதோ அடித்தாயிற்று.

சவரி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். அந்த முரடன் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் போய் ரிக்‌ஷா ஒன்றைக் கூட்டி வந்தேன். அந்த அத்தை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கலியாணம் நடந்தால் போதும், இறங்கு கண்ணு என்று அவள் தாயும் கெஞ்சினாள். ரோசம்மா இறங்கவில்லை. அவளுக்கும் கண் நிறைந்துதான் இருந்தது. ஆனால் குரல் கெட்டியாக வந்தது.

"கார்ல வரணும்னுதான் சொன்னாங்க. ஓட்டிகினு வரணும்னு சொல்லல. தள்ளுங்க."

வக்கீல் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

நான் ஒருத்தன்தான் கை வைத்தேன், சத்தியமாக. நாலு அடி போவதற்குள் ரயில் யார்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மூட்டை தூக்குகிறவர்கள் ஆறு பேர் பக்கத்தில் இருந்தார்கள். எங்கே போகிறது, யார் கல்யாணம் என்று தள்ளிக்கொண்டேதான் கேட்டார்கள். சைக்கிளில் வந்தவர்கள் சைக்கிளைக் கேட்கீப்பரிடம் போட்டுவிட்டு வந்தார்கள். காசிமேட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மீன்காரம்மா தலைக் கூடையை பானெட் மேல் இறக்கிவைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ரிக்‌ஷாக்காரரும் ரிக்‌ஷாவை ஓரம் கட்டிவிட்டு வந்துவிட்டார். ராயபுரம் ரோட்டைத் தொடும்போது நாற்பது பேர் இருப்பார்கள். சவரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். அந்தக் காரில் ஒழுங்காக வேலை செய்த ஒரே உறுப்பு அதுதான்.

தூரத்தில் மூன்றாம் மணி அடிக்க ஆரம்பித்தது.  மணி அடித்தது. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மணி இழுக்கிற கோயில்பிள்ளை மணிக்கூண்டிலிருந்து எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டிருக்கிறார். மணி ஓய்ந்தால்தானே பூசை! எத்தனை மணி அடித்தாய் என்று சாமியார் பிறகு கேட்டபோது, கணக்கு விட்டுப்போயிற்று சாமி என்றாராம்.

கோயில் வாசலும் வந்தது. நாற்பது பேர் தள்ளிய வேகம், நிற்குமா? பிரேக்கை சவரியும் நானும் சேர்ந்து இழுத்தால்தான் பிடிக்கும், நானோ பின்னால். வண்டி மாப்பிள்ளை வீட்டாரை நோக்கி நேராகப் போகிறது. அத்தை ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். மற்றவர்கள் ஓடுகிறார்கள். மாப்பிள்ளை அந்தோணி மட்டும் கோட்டோடு முன்னால் பாய்ந்தான். தரையில் இழுபட்டு வந்த கயிற்றைப் பிடித்தான், கொடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் காலை உதைத்துக்கொண்டு சாய்ந்தான். கப்பலைக் கட்டுகிற கை. கார் கொடிமரத்தைத் தாண்டியதும் கயிறு விறைக்க, ஒரு முறை முறுகி, ஒரு முழம் தள்ளி நின்றது.

அத்தை தூணுக்குப் பின்னாலிருந்து வந்து, இது என்ன கார், எஞ்சினே ஓடவில்லையே என்று ஆரம்பித்தாள். அந்தோணி கயிற்றை முடிந்துகொண்டே சொன்னான்:

"கரைக்கு வர்ற கப்பல் அப்டித்தான் அத்தை வரும். மிசினை நிறுத்திட்டு, கயிறு போட்டுத்தான் இயுத்துக் கட்டணும்."

அத்தை காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பானெட் மேலிருந்த மீன் கூடையைப் பெண் வீட்டுச் சீர் என்று நினைத்து உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். மீன்காரம்மா பின்னாலேயே ஓடினாள். மணி ஓய்ந்தது. ரோசம்மா காரிலிருந்து இறங்கி நடந்து போனாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது தள்ளியவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருந்தார்கள். ஒருத்தர் பெயரும் எனக்குத் தெரியாது.

காரைக் காதர் பாயே திரும்ப எடுத்துக்கொண்டார். பாய் இல்லை, சவரி இல்லை, போன வருஷத்திலிருந்து அந்தோணியும் இல்லை. அந்தக் கேட்டையும் அன்று அங்கே வந்து தள்ளிய மாதிரியான ஜனங்களையும் இப்போது காணோம். ரோசம்மா இருக்கிறாள். அவள்தான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்று எனக்குச் சொல்லி அனுப்பினாள். கூட்டிப் போக வந்த பெண் அவளுடைய பேத்தி. அன்றைக்கு அந்த நாற்பது பேர் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருந்தால் சிக்னலில் என்னைப் பார்த்துச் சிரிக்க இவள் ஏது?

இதையெல்லாம் அவளுக்கு அந்தச் சிக்னலிலேயே சொல்ல ஆரம்பித்தேன். கேட்கிற சுவாரஸ்யத்தில் பச்சை விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. எங்கள் வண்டி ஒரே ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றது. பின்னால் நாற்பது வண்டி இருக்கும். நாற்பதும் ஹாரன் அடித்தன. ஒருத்தரும் இறங்கவில்லை.