இடது பாக்ஸ் ஊருக்கு, வலது பாக்ஸ் காலனிக்கு

சினிமாச் சத்தத்தைப் பற்றி யாராவது என்னிடம் பெருமையடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முப்பது வருஷமாக உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் மைக் செட் போடுகிறவன் நான். மோனோ என்றால் என்ன, ஸ்டீரியோ என்றால் என்ன என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தோளில் சுமந்து தெரிந்துகொண்டேன்.

ஆரம்பத்தில் எல்லாம் மோனோதான். பிலிம் சுருளின் ஓரத்தில் ஒரே ஒரு சத்தக் கோடு ஓடும். கதாநாயகன் திரையின் எந்த மூலையில் நின்று பேசினாலும் குரல் ஒரே இடத்திலிருந்துதான் வரும். எத்தனை குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் எல்லாம் ஒன்றையேதான் கத்தும். பிறகு காஞ்சிபுரத்துத் தியேட்டர் ஒன்றில் ஸ்டீரியோ வந்தது. போய்ப் பார்த்தேன். குதிரை இடப்பக்கம் கனைத்து, வலப்பக்கமாக ஓடி மறைந்தது. பக்கத்து சீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். அடேங்கப்பா! அன்றைக்குப் பிடித்த ஆசை போன வருஷம்தான் தீர்ந்தது. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன்.

எங்கள் கிராமம் மானாம்பதிக்கு அந்தப் பக்கம். ஆடித் திருவிழாவில் பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டிப் படம் போடுவோம். காலனி ஜனங்கள் அதற்கு வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. யார் எங்கே உட்காருவது என்று எப்போதோ வந்த சண்டை. என்னோடு செட் கட்டுகிறவர் அந்தக் காலனிக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணே என்பார். போன ஆடியில் அவர்தான் வீடு வீடாகப் போய், "நான்தான செட்டு கட்றேன், வாங்க, இன்னா ஆயிடப்போவுது" என்று சொல்லித் தன் தெருவையே அழைத்து வந்தார். வந்தவர்களுக்கு ஒரு குறை என்றால் அது அவர் தலையில்தான் விடியும். எனக்கும் அது தெரியும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்துக்கு வர முடியாமல் வீட்டில் கிடப்பவர்கள் காதிலும் வசனம் விழ வேண்டும். அதனால் மைதானத்தின் இந்தக் கோடியில் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸை ஊரைப் பார்த்தும், அந்தக் கோடியில் ஒன்றைக் காலனியைப் பார்த்தும் வைப்போம். சண்டைக்குப் பிறகும் அது மட்டும் மாறவில்லை. மோனோ இருந்தவரை அதில் ஒரு வம்பும் இல்லை. புது ஸ்டீரியோவையும் அதே மாதிரி கட்டினேன். இடது ஊருக்கு, வலது காலனிக்கு. வந்த காலனி ஜனங்கள் அந்தக் கோடியிலேயே, வலது பாக்ஸ் பக்கம் உட்கார்ந்தார்கள்.

போட்டது பழைய கறுப்பு வெள்ளைப் படம். அதை யாரோ கம்ப்யூட்டரில் ஸ்டீரியோவாகப் பிரித்திருந்தார்கள். பிரித்த மகராசன் பேச்சை முழுக்க இடப்பக்கமும், இசையை முழுக்க வலப்பக்கமும் தள்ளிவிட்டிருந்தான். நான் லேப்டாப்போடு ஊர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வசனம் கணீரென்று கேட்டது. என்னோடு செட் கட்டுகிறவர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஜெனரேட்டரோடு இருந்தார். அங்கே அதன் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது.

அந்தக் கோடியிலிருந்து யாரோ, "பேசறது ஒண்ணியும் கேக்கல" என்று கத்தினார்கள். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர், "நல்லாத்தான கீது, சும்மா குந்துங்கய்யா" என்று பதிலுக்குக் கத்தினார். எனக்கும் நன்றாகத்தான் கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இடைவேளைக்கு விளக்கைப் போட்டபோது அந்தக் கோடியில் ஓர் ஆள்கூட இல்லை.

மறுநாள் காலை நானும் அவருமாக ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். காலனியிலிருந்து ஓர் அம்மா விறுவிறுவென்று வந்து அவர் எதிரில் நின்றாள்.

"இன்னாய்யா, நல்லா இட்டுகினு வந்த எங்கள! ஒரு கண்ணுல வெண்ணெ, ஒரு கண்ணுல சுண்ணாம்பா? பேச்செல்லாம் அவங்களுக்கு, கொட்டு மட்டும் நமக்கா? சாவுக்குக் கொட்டத்தான் நம்மளக் கூப்புடுவாங்க. படத்துலயும் அதத்தான் குந்திகினு கேக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "எம்மா, அது மிஷின் பண்ண தப்பு. ஆனைக்கும் அடி சறுக்கும். ஒரு பட்டன அமுக்குனா மோனோ ஆயிடும். இன்னிக்கே மறுபடியும் போடறேன், எல்லாரும் வாங்க" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இனிமே எங்க வூட்டு வாசல்ல வந்து கூப்புடாத" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவர் தலை குனிந்தே இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. என் மேலேயே வந்திருக்க வேண்டியது, அவர் மேல் வந்தது. "மிஷின்தான்னு நீயாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்றேன்.

அவர் ஒயரைக் கீழே வைத்தார்.

"மிஷின்தாண்ணே. இல்லேன்னு சொல்லல. நேத்து சாயங்காலம் டெஸ்ட் பண்ணியே, எங்க நின்னுகினு கேட்ட?"

"இங்கதான், இந்தக் கோடியில."

"போன வருசம்?"

"இங்கதான்."

"அதுக்கு மின்னாடி?"

மோனோ போட்ட இத்தனை வருஷத்திலும் காலனியைப் பார்த்த பாக்ஸுக்குக் கீழே நான் ஒருநாளும் போய் நின்றதில்லை.