மலையிறங்கிய மஞ்சள் கார்

போன வாரம் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒருவர் பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தார். அந்த வாடை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, லேசாக மீன் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கும். எழுந்து வெளியே போய் நின்றுகொண்டேன்.

என் முதல் காருக்கு வேறு வாசனை. வெயிலில் காய்ந்த ரப்பர், பெட்ரோல், பழைய சொந்தக்காரர் மாட்டிவிட்டுப் போன மல்லிகை சென்ட். மஞ்சள் நிறம், சின்ன உடம்பு, பெரிய எஞ்சின். அந்த மாடல் வருவது நின்றே பல வருஷமாகியிருந்தது. பவர்லூம் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தவன் நான். சென்னையில் ஒருவரிடம் அதை வாங்கி ஓட்டிவந்த அன்று, பந்தயத்தில் ஜெயித்தவன் போலத் திருத்தணியை இரண்டு சுற்று சுற்றினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் சைலன்சரை மாற்றினேன். அப்புறம் எல்லோரும் பார்த்தார்கள், திட்டுவதற்கு.

ஆசை அதோடு நிற்குமா? அரக்கோணம் ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் டில்லியிடம் சொல்லி, ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தினேன். பிறகு அகலமான அலாய் வீல், அதற்கேற்ற டயர். டயரைப் பூட்டியதும் டில்லி ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, குனிந்து உள்ளே பார்த்தார்.

“இது வேணாங்க. பிரேக் ஆயில் போற ஓஸு டயருக்குக் கிட்டக்க வந்துகினு இருக்குது. லோடு ஏறுனா டயர் ஒரசும்.”

“லோடு எங்க ஏத்தப் போறேன்? நானும் சுமதியுந்தானே,” என்றேன்.

சுமதி என் மனைவி. கல்யாணமாகி அப்போது நாலு மாசம். டில்லி சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. வாயை மூடிக்கொள்ளலாம், காதை மூட முடிகிறதா? ஒவ்வொரு பள்ளத்திலும் என் காது முன்சக்கரத்துக்குப் போய்விடும். ஏதாவது உரசுகிறதா? இல்லை, கல் தெறித்தது. இப்போது? இல்லை. ரேடியோவை வைப்பதையே விட்டுவிட்டேன். ஆசைப்பட்டு வாங்கிய காரை நோயாளியைப் போல ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த டயரைக் கழற்ற மனசு வரவில்லை. அவ்வளவு அழகாக நின்றது!

ஒரு கிருத்திகையன்று ஆர்.கே.பேட்டையிலிருந்து அத்தை, சுமதியின் அம்மா, வந்தார், தன் தங்கைகள் இரண்டு பேரோடு. “மாப்ள காருலயே மலைக்குப் போய் வந்துடலாம்,” என்றார். மூன்று பேரும் பின்னால் ஏறியதும் கார் இன்னும் தரையோடு போனது. மறுத்திருக்கலாம். புது மாப்பிள்ளைக்கு வாய் வரவில்லை.

ஏறும்போதே வளைவில் சத்தம் கேட்டது. சர்ரென்று, தகரத்தில் தேங்காய் நாரைத் தேய்ப்பது போல.

“பாவா, என்னமோ ஒரசிகினே வருது,” என்றாள் சுமதி.

“பெரிய டயருனா அப்படித்தான் கேக்கும்.”

சாமி முன்னால் நின்று நான் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று: கீழே போய்ச் சேர்ந்துவிட்டால் போதும், டயரைக் கழற்றிவிடுகிறேன்.

இறங்கும்போது இரண்டாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். மிதி சேற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போயிற்று. மறுபடி மிதித்தேன். கார் பேருக்குக் கொஞ்சம் தயங்கிவிட்டு ஓடியது. எதிரே சாலை முழுக்க நடந்து இறங்கும் ஜனம்.

கியரைக் குறைத்தேன். எஞ்சின் அலறியது. திட்டு வாங்கிக் கொடுத்த அதே சைலன்சர் போட்ட சத்தத்தில் கூட்டம் திரும்பிப் பார்த்து விலகியது. ஒருவர் மட்டும், மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவர், தோளில் குழந்தையோடு நடுவில் திகைத்து நின்றுவிட்டார். ஸ்டியரிங்கை மலைப்பக்கம் திருப்பினேன். அதே நேரம் சுமதியின் கை என் முழங்கையைத் தள்ளிக்கொண்டு வந்து ஹேண்ட் பிரேக்கை மேலே இழுத்தது. இடதுபக்கம் முழுக்க மலையோரத் தடுப்புச் சுவரில் தேய்த்துக்கொண்டு கார் நின்றது. அந்த மனிதரின் ஒற்றைச் செருப்பு சக்கரத்தின் அடியில் கிடந்தது.

“இன்னாமா ஆச்சு?” என்றார் பின்னாலிருந்து அத்தை.

“ஒண்ணுமில்லமா. ஆளு குறுக்க வந்துட்டாரு,” என்றாள் சுமதி. அவள் கை இன்னும் ஹேண்ட் பிரேக்கை விடவில்லை.

நான் இறங்கினேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்திருந்தால் நன்றாயிருக்கும். அந்த மனிதர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, “கொழந்தைங்க வர்ற வழிங்க. பாத்து வாங்க,” என்றார். அவ்வளவுதான். செருப்பைக்கூட எடுக்காமல் போய்விட்டார். மூக்கில் ஏறியது அந்த மீன்வாடை. முன்சக்கரத்தின் உட்புறமெல்லாம் பிரேக் ஆயில் வழிந்துகொண்டிருந்தது.

டில்லி வந்து அறுந்த ஓஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். பழைய சக்கரம், புது ஸ்பிரிங், பழைய சைலன்சர் எல்லாம் திரும்பி வந்தன. அடுத்த மாதமே காரை விற்றேன். அத்தைக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. “உங்களுக்குத் தெரிஞ்சுதான் எங்கள ஏத்தினீங்களா?” என்று சுமதி ஒரே ஒருமுறை கேட்டாள். “ஆமா,” என்றேன்.

கல்யாணமான புதிதில் அந்த மஞ்சள் காரில் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது, ஊரைத் தாண்டுவதற்குள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். அவள் விழித்துவிடக் கூடாதே என்று வேகத்தடையில் நான் ஊர்ந்து போவேன். இப்போதும் டவுன் பஸ்ஸில் அத்தனை நெரிசலிலும் உட்கார இடம் கிடைத்துவிட்டால் அடுத்த நிமிஷம் தூங்கிவிடுகிறாள். என் காரில் மட்டும், அந்தக் கிருத்திகைக்கு அப்புறம் இத்தனை வருஷத்தில், ஒருநாளும் கண்ணை மூடியதில்லை.