பூனைக்குச் சர்க்கரை என்று யாரிடம் சொல்வது

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று முதலில் எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை, எறும்பு. வீட்டுக்குப் பின்னால் பொடக்காணி மூலையில் அது ஒண்ணுக்குப் போகிற மணலில் எறும்பு சாரை சாரையாக மொய்த்துக் கிடந்தது. மனுசருக்கு அப்படி மொய்த்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பூனைக்கும் அதே அர்த்தம்தானா என்று யாரைப் போய்க் கேட்பது?

தொண்ணூறுகளின் நடுவாந்திரம். சிங்காநல்லூரில் மில்லை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் தனியாக இருந்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளை குட்டி இல்லை. மில்லும் மூடியாயிற்று. பள்ளிக்கூடத்தை மூன்றாங் கிளாசோடு விட்டவள் நான். பஸ் போர்டையும் பொட்டலக் காகிதத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துக் கற்றதுதான் என் எழுத்து. மற்றதெல்லாம் காது வழியாக வந்தது. யார் ஒரு சொலவடை சொன்னாலும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிடுவேன்.

அந்தச் செவலைப் பூனை மில்லில் பிறந்தது. ரீலிங் மெஷினுக்குப் பின்னால், கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில். மில்லை மூடிய அன்றைக்கு எல்லாரும் கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நான் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வேலை போன பிறகும் எங்கள் ஷிப்டுப் பெண்கள் கலைந்து போகவில்லை. மத்தியானம் ஆனால் என் வீட்டில்தான் கூடுவார்கள். மாமியார் இல்லாத வீடு, காலை நீட்டி உட்காரலாம். எனக்கும் அது வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு டபரா டம்ளரில் காப்பி கொடுப்பேன். அப்புறம் பேச்சுதான். மில்லுக்காரிகள் பேச்சு சாதாரணப் பேச்சு இல்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, மெஷின் நின்ற பிறகும் இறங்கவில்லை. தெருவில் போகிறவர்கள் சண்டையோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

எல்லாரிலும் சத்தமானவள் நெட்டைக்காரி. நல்ல உயரம், என்னைவிட நாலைந்து வயது இளையவள். 'வாக்கா, போக்கா' என்றுதான் பேசுவாள். அவள் வீட்டுக்காரர் சர்க்கரையால் கால்புண் ஆறாமல் கட்டிலோடு கிடந்தார். "மாத்தரைய ஒருநா உட்டு ஒருநா தின்னா, ஒரு மாசத்து மாத்தரை ரெண்டு மாசத்துக்கு வருமுல்லக்கா? எங்கூட்டு வைத்தியம் அப்புடி" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். நாங்களும் சிரிப்போம். வேறென்ன செய்வது?

பூனை இளைத்துக்கொண்டே வந்தது. குழாயடியில் உட்கார்ந்து ஓயாமல் தண்ணீர் குடித்தது. ஒருநாள் ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டைக் கட்டி, டவுன் பஸ் ஏறி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே எருமைக்கன்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் கூடையைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, கோழிங்களா?"

"பூனைங்."

"அதுக்கு என்னுங்?"

"சக்கரையாட்ட இருக்குதுங்."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ராவும் பகலும் பாயாசம் ஊத்திப் போட்டீங்களாட்ட இருக்குது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "செரி உடுங், அதுவும் ஒரு உசுருதானுங்" என்று கன்றை நகர்த்தி எனக்கு வழி விட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. மனுசருக்குப் போடுகிற அதே இன்சுலினைத்தான் எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், தவறக்கூடாது என்றார். சிரிஞ்சில் எந்தக் கோடு வரை என்று காட்டினார். பிறகு சொன்னார்: "இன்னொண்ணும்மா. பயந்தாலே பூனைக்குச் சர்க்கரை ஏறும். பஸ்ல வந்து, இங்க நாய் கொலைக்கறதக் கேட்டு, இப்பக் காட்டறதுல கொஞ்சம் பயத்துச் சர்க்கரையாவும் இருக்கும். வீட்டுல வச்சே மூத்திரத்தப் பாத்து எங்கிட்டச் சொல்லுங்க. வீடு மட்டும் அமைதியா இருக்கட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

முதல் சில நாள் பயந்தது நான்தான். என் பயம் தெரிந்து பூனை பரண்மேல் ஏறிக்கொண்டது. இழுத்துப் பிடித்தால் ஆகாது என்று பிறகு புரிந்தது. வட்டிலில் மீனும் சோறும் பிசைந்து வைப்பேன். அது தின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே குரலில் ஏதாவது சொலவடையைச் சொல்லிக்கொண்டே கழுத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, சுருக்கென்று போட்டுவிடுவேன். அது தலையைக்கூடத் தூக்காது. மருந்துப் புட்டியை வைக்க வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் சிறு சொம்பைப் புதைத்து அதற்குள் வைத்தேன்.

சோதனைக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். மணலை எடுத்துவிட்டு, உக்கடத்தில் மீன்தொட்டிக்கு விற்கிற வழுவழுப்பான கற்களைத் தட்டில் பரப்பினேன். மூத்திரம் கல்லுக்கு அடியில் தேங்கும். கண்ணாடிக் குழாயில் டாக்டர் கொடுத்த நீல மருந்தை ஊற்றி, சில சொட்டு மூத்திரத்தை விட்டு, ஸ்டவ்வில் காட்டிச் சூடாக்க வேண்டும். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் மோசம்.

செங்கல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பச்சை. ஞாயிறு அவரவர் வீட்டில் ஆம்பிளைகள் இருப்பார்கள், என் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். திங்கட்கிழமை எல்லாரும் வந்து பேசிவிட்டுப் போனால் சாயங்காலம் மறுபடி செங்கல். டாக்டரிடம் சொன்னேன், ஒரு கோடு ஏற்றினார். பிறகு இன்னொரு கோடு. பூனையின் முதுகெலும்பு அப்போதும் கையில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. பின்னங்கால் தரையில் தேய நடந்தது. இப்படியே போனால் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் சத்தம்தான் அதைக் கொல்கிறது என்று முடிவு கட்டினேன்.

ஆனால் வராதீர்கள் என்று எப்படிச் சொல்வது? வாசலுக்கு வந்தவரை 'வாங்க, உக்காருங்க' என்று சொல்லாத வாயை எங்கள் ஊரில் வாய் என்றே சொல்லமாட்டார்கள். தலைவலி என்றேன். தைலத்தோடு வந்து, வழக்கத்தைவிட நேரம் உட்கார்ந்து தேய்த்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். எதிரே நெட்டைக்காரி இருப்பாள். வீட்டுக்காரருக்கு மாத்திரையை நாள்விட்டு நாள் கொடுக்கிறவளிடம், என் பூனைக்கு இரண்டு வேளை ஊசி என்று எந்த வாயால் சொல்வது?

கடைசியில் ஒரு காரியம் செய்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முன்வாசலுக்கு வெளிப்பக்கம் பூட்டைப் போட்டுவிட்டு, சந்து வழியாகச் சுற்றிப் போய், பொடக்காணிக் கதவால் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். 

அவர்கள் வரும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். செருப்புச் சத்தத்தை வைத்தே யார் யார் என்று சொல்வேன். பூட்டை யாரோ ஆட்டிப் பார்ப்பார்கள்.

"பூட்டிக் கெடக்குது. எங்க போனா இவொ?"

"எந்த ஊட்டு விசேசமோ!"

"நம்மளுக்குத் தெரியாம இவளுக்கு என்னடி விசேசம்?"

சிரிப்பு. கதவுக்கு இந்தப் பக்கம் நான் பூனையை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னதற்கெல்லாம் எனக்குப் பதில் வாய்வரை வந்தது. வாயைக் கட்டினால் வயிறு வாழும் என்பார்கள். எனக்கு நெஞ்சுதான் அடைத்தது.

பூட்டு விழுந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கண்ணாடிக் குழாயில் நீலம் நின்றது. அதைப் பார்த்துப் பேசாமல் சந்தோசப்பட்டுக்கொண்டேன். ஏற்றிய கோடு ஏறியபடியே இருந்தது, இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் மத்தியானம் பூனை நடக்கும்போதே தள்ளாடிச் சாய்ந்தது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. கூப்பிட்டாலும் கண் என் பக்கம் திரும்பவில்லை. காப்பிக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து விரலால் அதன் ஈறில் தடவினேன், தடவிக்கொண்டே இருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் பூட்டை ஆட்டுகிற சத்தம். நெட்டைக்காரியின் குரல். "அக்கா! ஏனக்கா!" என்றாள். ஒரு கத்துக் கத்தியிருந்தால் கதவை உடைத்துக்கொண்டு வந்திருப்பாள். நான் கத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் செருப்புச் சத்தம் தேய்ந்து போயிற்று.

பூனை பிழைத்தது. டாக்டர் அளவைப் பாதிக்கு மேல் குறைத்தார். வீடு அமைதியானதும் இறங்கிவிட்டது என்று நான் சொன்னேன். அப்படித்தான் இருக்கும் என்று அவரும் சொன்னார்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பூட்டுக்கே வேலையில்லாமல் போயிற்று. இரண்டு பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேனில் போக ஆரம்பித்ததாகக் கடையில் காதில் விழுந்தது. போகாத உறவும் பாழ், கேட்காத கடனும் பாழ் என்று ஒரு சொலவடை உண்டு. பூட்டிய உறவுக்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. பூனைக்குச் சதை பிடித்தது, முடி பளபளத்தது. நான் அதனிடம் பேசினேன். வீட்டில் என் குரல் மட்டும் கேட்பது எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஊசி போடுகிற நேரத்துச் சொலவடைகளை அதே வரிசையில் திரும்பத் திரும்பச் சொன்னேன். புதிதாகச் சொல்லித்தர ஆள் இல்லை.

மழை பிடித்த சமயம் பாயம்மா வந்தாள். அவளும் எங்கள் ஷிப்டுதான். மகள் பிரசவத்துக்குப் பாலக்காடு போயிருந்தவளுக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. திறந்திருந்த கதவைத் தள்ளிக்கொண்டு, "யக்கா, பேத்தி பொறந்திருக்கா! ஆரும் இல்லையா? எங்க போனாளுக எல்லாரும்?" என்று அதே மில்லுத் தொண்டையில் கத்தினாள். போச்சு, மறுபடி சத்தம் என்று பயந்தேன். பூனையைப் பார்த்தேன். அது எழுந்து, சோம்பல் முறித்து, நேராகப் போய் அவள் மடியில் ஏறிப் படுத்தது. அவள் பேத்தியின் மூக்கைப் பற்றிக் கூவக் கூவ, அது கண்ணை மூடிக் குர்குர் என்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரீலிங் மெஷினுக்குப் பின்னால் கண் திறந்த பூனைக்கா எங்கள் சத்தம் பயம்?

முறுக்கு எடுக்க உள்ளே போய்விட்டுத் திரும்பினேன். பாயம்மா டம்ளரில் மிச்சமிருந்த காப்பியை டபராவில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். பூனை மடியிலிருந்து குதித்து நக்க ஆரம்பித்தது.

"பாயம்மா, என்ன பண்றே?"

"என்னக்கா புதுசாக் கேக்கறீங்க? எப்பவும் ஊத்தறதுதானே. நாங்க எல்லாருமே ஊத்துவோம். நெட்டைக்காரி பாதி டம்ளரே இதுக்குன்னு உட்டு வெப்பாளே. 'அக்காவுக்கு ஆருமில்ல, இதாச்சும் தெம்பா இருக்கோணும்'பா."

அன்று சாயங்காலம் செங்கல் நிறம் வந்தது. ஒரு டபராவுக்கே அப்படி. இத்தனை பேர் டபராவும் கழுவின மாதிரி சுத்தமாக அடுப்படிக்கு வந்ததை, நல்லபடி குடித்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாளே நெட்டைக்காரி வீட்டுக்குப் போனேன். "வாங்க, உக்காருங்க" என்றாள். வாக்கா என்று சொல்கிறவள். வீட்டுக்காரர் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். காப்பி கொடுத்தாள், குடித்தேன். பிறகு எறும்பிலிருந்து டபரா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டையும் சொன்னேன்.

"பூட்டு எனக்குத் தெரியுமுங்க" என்றாள்.

"எப்புடி?"

"ரெண்டாம் நாளே சந்துப் பக்கமாச் சுத்திப் பாத்தனுங்க. கொடியில உங்க சேலை ஈரம் சொட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. பொடக்காணிக் கதவு உள்பக்கம் தாப்பாப் போட்டிருந்துச்சு. பூனை கண்ண மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போச்சுன்னு நெனைக்குமாமா. உங்களையும் சேத்துத்தான் சொல்லியிருக்காங்க."

"தெரிஞ்சும் தெனமும் வந்து பூட்டை ஆட்டுனியா?"

"தொறப்பீங்கன்னுதான்."

என் காலி டம்ளரைக் கையில் எடுத்தாள். "சொல்லியிருந்தா டம்ளரைக் கவுத்தி வெச்சிருப்பனேங்க. இதுக்குப் போயி..."

நான் கட்டிலைப் பார்த்தேன். அவளும் என் கண் போன பக்கம் பார்த்தாள். அவருடைய கால் கட்டுத் துணி புதிதாக மாற்றியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வந்தாள், தனியாக. பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பாயம்மா மறுபடி பாலக்காட்டில். காப்பி கொடுத்தேன். கடைசிச் சொட்டுவரை அண்ணாந்து குடித்தாள், டம்ளரை டபராவுக்குள் கவிழ்த்து வைத்தாள். மழையைப் பற்றியும் அவருடைய காலைப் பற்றியும் பேசினாள். காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிற மாதிரி, மெல்லப் பேசினாள்.

"சத்தமாவே பேசு கண்ணு. அது மில்லுப் பூனை, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"இருக்கட்டுங்க்கா. எதுக்குங்க வம்பு" என்றாள், அதே மெல்லிய குரலில்.

பூனை அவள் முன்னால் போய் உட்கார்ந்தது. கவிழ்ந்த டம்ளரை முகர்ந்தது, முன்னங்காலால் ஒருதரம் தொட்டது, பிறகு நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டப் போய், மடக்கிக்கொண்டாள்.

"வாரனுங்க்கா" என்று எழுந்தாள். நான் தெருமுனை வரை கூடப் போனேன். திரும்பி வந்து ஊசி போட்டேன், குழாயைச் சூடுபண்ணினேன். நீலம். பக்கத்து வீடுகளில் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள். அந்த டம்ளரை உடனே கழுவ மனம் வரவில்லை. கவிழ்ந்தபடியே கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டேன்.