இடது பக்கம் திரும்பாத செவலை

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் தாராளமாகக் கிடைக்காத காலம். தூத்துக்குடி ரயிலடியில் என் குதிரை வண்டிக்கு நல்ல சவாரி இருந்தது. கொழும்புக் கப்பலுக்குப் போகிறவர்கள் பெட்டி படுக்கையோடு ஏறுவார்கள். "கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க அண்ணாச்சி" என்று பாரத்தைச் சரிபார்த்து, கடிவாள வாரைத் தளர்த்தினால் போதும், என் குதிரை செவலை பறக்கும். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்பேர்ப்பட்ட குதிரை ஒரு மாசியில் இடது பக்கம் திரும்ப மறுத்தது. இடது வாரை இழுத்தால் தலையைத் தூக்கிக்கொண்டு நேரே போகும். பீச் ரோட்டு முக்கில் ஒரு லாரியில் மோதப் பார்த்தோம். அடுத்த மாதம் நகராட்சியில் வண்டிப் பரிசோதனை. சொன்னபடி திரும்பாத குதிரைக்கு லைசென்ஸ் கிடையாது. அது போனால் செவலையை விற்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் உலை வைக்க வேறு வழியும் இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொழுப்பு என்றே முடிவு கட்டினேன். ரயிலடியில் பக்கத்து வண்டிக்காரரும் அதையே சொன்னார்.

"முள்ளுக் கடிவாளம் போடுலே. ரெண்டு நாள்ல பசு மாதிரி வரும்."

போட்டேன். இரண்டாம் நாள் நுரையில் ரத்தம் கலந்து வந்தது. குதிரை மட்டும் திரும்பவில்லை.

கழற்றிப் போட்ட பழைய கடிவாளத்தைத் துடைக்க எடுத்த என் மனைவி, சட்டென்று விரலை உதறினாள்.

"இங்கன வாங்க. இந்த வளையத்த அசைச்சுப் பாருங்க."

வாய்க்குள் போகும் கம்பி நடுவில் மூட்டு வைத்து இரண்டு துண்டாக இருக்கும். இரு முனையிலும் துளை போட்டு, வார் கட்டும் வளையத்தைக் கோத்திருப்பார்கள். இடது துளையைத் துரு அரித்துப் பிளந்திருந்தது. வளையம் அசையும்போதெல்லாம் அந்த இடுக்கில் தோல் மாட்டும். அவள் விரலைக் கடித்தது எத்தனை நாளாகச் செவலையின் கடைவாயைக் கடித்ததோ.

துருவுக்குக் காரணம் நாங்கள்தான். காலுக்கு நல்லது என்று காலையில் குதிரையைக் கடலில் இறக்குவது எங்கள் வழக்கம். அலைக்கு மிரண்டால் பிடிக்க வேண்டுமே என்று கடிவாளத்தோடுதான் இறக்குவோம். கரையேறியதும் அதைக் கழற்றி அப்படியே ஆணியில் மாட்டிவிடுவோம். நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குகிற ஊரில் இரும்பைக் கழுவ யார் ஊற்றுவார்கள்?

பழைய இரும்புக் கடைக்கு அவளும் வந்தாள். கடைக்காரர் சாக்கை விரித்து மூன்று கடிவாளங்களைப் போட்டார். நான் மெல்லிய கம்பியை எடுத்தேன். உறைத்தால்தான் பேச்சு கேட்கும் என்று நினைப்பு.

"உங்க வாயில வச்சு இழுத்துப் பாருங்க" என்றாள்.

கடைக்காரர் சிரித்தார். வந்த ஆத்திரத்தில் நிஜமாகவே வைத்து இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் விரல் தடிமனில், வழவழப்பாக, வளையம் துளையில் சுற்றாமல் கதவுக் கீல்போல அசைகிற ஒன்றை எடுத்தோம். செவலையின் வாய்ப்புண் ஆறும்வரை பத்து நாள் வண்டி ஓட்டவில்லை.

பரிசோதனையன்று நகராட்சி வாசலில் இரண்டு விரலால் வாரைத் தொட்டேன். செவலை இடது பக்கம் திரும்பியது. எனக்கு அழுகையே வந்தது.

அதற்குப் பிறகு செவலை நாலு வருஷம் எங்களோடு இருந்தது. நான் நீட்டினால் கொள்ளு தின்னும், கழுத்தைத் தடவினால் நிற்கும். கடிவாளத்தை எடுத்தால் மட்டும் பல்லை இறுக்கிக்கொண்டு தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடும். கெஞ்சியும் பார்த்தேன். பிறகு தினமும் காலையில், "ஏளா, நீயே வந்து மாட்டு" என்று மனைவியைக் கூப்பிடுவேன். அவள் கையைக் கண்டதும் அது வாயைத் திறக்கும்.